ஸ்லோ ஜூஸர் வாங்கலாமா? மெஷின் விலையைத் தாண்டிப் போட வேண்டிய கணக்கு



நம்ம ஊர்ல வாக்கிங் போற பார்க் வாசல்ல அருகம்புல் ஜூஸும் வெள்ளைப் பூசணி ஜூஸும் விக்கிறது புதுசு இல்ல. இப்போ அதையே வீட்ல போட்டுக் குடிக்கலாம்னு 'கோல்ட் பிரஸ்', 'ஸ்லோ ஜூஸர்'னு தேடறவங்க அதிகமாயிட்டாங்க. விலையைப் பார்த்தா ஏழெட்டாயிரத்துல ஆரம்பிச்சு, ஹியூரோம், குவிங்ஸ் மாதிரி கொரியா பிராண்டுகளுக்குப் போகும்போது பல மடங்கு ஏறுது.

"எந்த மாடல் வாங்கறது?"ங்கறது இரண்டாவது கேள்விதான். "என் வீட்டுக்கு இது தேவையா?"ங்கறதுதான் முதல் கேள்வி. அதுக்கான பதில் டிமாண்ட், ஆஃபர், ஸ்டார் ரேட்டிங் எதுலயும் இல்ல. நீங்க மாசத்துக்கு எத்தனை லிட்டர் ஜூஸ் போடப் போறீங்கங்கற ஒரே ஒரு நம்பர்ல இருக்கு. வாங்க, கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம்.

முதல்ல, இது எப்படி வேலை செய்யுது?

மரச்செக்கு பார்த்திருப்பீங்க இல்லையா? மெதுவா சுத்தி, நசுக்கி, எண்ணெயைப் பிரிக்கும். ஸ்லோ ஜூஸரும் அதே மாதிரிதான். உள்ள ஒரு திருகு உருளை இருக்கும், ஆகர்னு சொல்வாங்க. அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 40-லேருந்து 80 சுத்து மட்டும் சுத்தி, பழத்தை வடிகட்டியோட சேர்த்து அழுத்திப் பிழியும். சாறு ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம் வரும்.

சாதாரண ஜூஸர் சென்ட்ரிஃபியூகல் வகை. அதுல துருவற தட்டு நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுத்து சுத்தும். அந்த வேகத்துல சாறு தெறிச்சு வெளிய வரும். வேலை சீக்கிரம் முடியும். ஆனா சத்தமும் நுரையும் அதிகம், சக்கையில ஈரமும் கொஞ்சம் தங்கிடும்.

"வேகமா சுத்தினா சூடாகி சத்தெல்லாம் செத்துடும்"னு விளம்பரத்துல சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. சில நொடிகள்ல பழம் சமைக்கிற அளவுக்கு ஒண்ணும் சூடாயிடாது. ஸ்லோ ஜூஸரோட நிஜமான லாபம் வேற: நுரை குறைவு, சத்தம் குறைவு, கீரை, புல் வகையில நல்லா சாறு வரும், அதே காய்க்குக் கொஞ்சம் கூடுதல் சாறு கிடைக்கும். இந்தக் 'கூடுதல் சாறு'தான் நம்ம கணக்குக்கு முக்கியம்.

ஒரே மெஷின், ரெண்டு வீடு

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். ஸ்லோ ஜூஸர் 15,000 ரூபாய், சென்ட்ரிஃபியூகல் ஜூஸர் 4,000 ரூபாய். கூடுதலா கொடுக்கறது 11,000 ரூபாய். ஒரு கிலோ காய்க்கு ஸ்லோ ஜூஸர்ல 500 மில்லி, மத்ததுல 420 மில்லி சாறு வருதுன்னு வெச்சுக்கலாம். கேரட், பீட்ரூட், சாத்துக்குடி எல்லாம் கலந்து சராசரியா கிலோ 60 ரூபாய். இதெல்லாம் கணக்குக்காக நான் வெச்சிருக்கற அனுமானம்தான். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

ஒரு லிட்டர் சாறுக்கு ஸ்லோ ஜூஸர்ல 2 கிலோ காய் வேணும். மத்ததுல 2.38 கிலோ. வித்தியாசம் 380 கிராம். அதாவது லிட்டருக்குச் சுமார் 23 ரூபாய் மிச்சம்.

வீடு 1: நாலு பேர். ஆளுக்கு 200 மில்லி, மாசம் 25 நாள். மொத்தம் 20 லிட்டர். மாசம் 460 ரூபாய் மிச்சம். கூடுதலா கொடுத்த 11,000 ரூபாய் ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துடும்.

வீடு 2: கணவன், மனைவி ரெண்டு பேர் மட்டும். சனி, ஞாயிறு மட்டும்தான் ஜூஸ். மாசம் 3.2 லிட்டர். மிச்சம் 74 ரூபாய். 11,000 ரூபாய் திரும்பி வர 12 வருஷத்துக்கு மேல ஆகும்! வீட்ல இருக்கற சின்ன மோட்டார் சாமான் அத்தனை வருஷம் ரிப்பேர் இல்லாம ஓடும்னு நம்பி நான் கணக்குப் போட மாட்டேன்.

அதே மெஷின், அதே விலை. முதல் வீட்டுக்கு லாபம், ரெண்டாவது வீட்டுக்கு ஆடம்பரம். ஆடம்பரம் தப்புன்னு சொல்லல. ஆசைப்பட்டு வாங்கறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா 'மிச்சம் பிடிக்கறோம்'னு நினைச்சு வாங்காதீங்க.

இன்னொரு விதமாவும் பார்க்கலாம். நாங்க ஆடிட்ல தேய்மானம் போடுவோம் இல்லையா, அதே முறைதான். 15,000 ரூபாயை 5 வருஷத்துக்குப் பிரிச்சா வருஷத்துக்கு 3,000. வருஷத்துல 300 நாள் ஓட்டினா ஒரு தடவைக்கு 10 ரூபாய். வாரம் ஒரு தடவைன்னா கிட்டத்தட்ட 58 ரூபாய். மூணு மாசத்துல 40 தடவை ஓட்டிட்டு பரண்ல ஏத்திட்டீங்கன்னா? ஒரு தடவைக்கு 375 ரூபாய். அந்தக் காசுக்கு வீட்ல எல்லாருக்கும் கடையிலயே வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

பெரிய செலவு மெஷின் இல்ல

பலரும் கவனிக்காம விடற இடம் இதுதான். வீடு 1-ஐயே திரும்பப் பாருங்க. மாசம் 20 லிட்டருக்கு 40 கிலோ காய், பழம். கிலோ 60-ன்னா மாசம் 2,400 ரூபாய். வருஷத்துக்கு 28,800. அஞ்சு வருஷத்துக்கு 1,44,000 ரூபாய்!

மெஷின் 15,000-த்தையும் சேர்த்தா மொத்தம் 1,59,000. அதுல மெஷினோட பங்கு பத்துல ஒண்ணு கூட இல்ல. ஆனா நம்ம ஒரு மாசம் உட்கார்ந்து ரிவ்யூ பார்த்து மண்டையை உடைச்சுக்கறது அந்தப் பத்துல ஒரு பங்குக்காக மட்டும்தான்.

ஆப்பிள், மாதுளைன்னு போனா சராசரி விலை கிலோ 150-ஐத் தொட்டுடும். அப்போ மாசம் 6,000 ரூபாய். ஒரு சின்ன எஸ்.ஐ.பி. அளவுக்கு ஜூஸ்ல போகுது. இந்தப் பணம் எந்தக் கணக்குலேருந்து வரப் போகுதுன்னு மெஷின் வாங்கறதுக்கு முன்னாடியே வீட்ல பேசிடுங்க.

'கடை ஜூஸ் செலவு மிச்சம்'ங்கற வாதத்துக்கும் ஒரு வார்த்தை. நீங்க ஏற்கனவே மாசம் 2,000 ரூபாய்க்கு வெளிய ஜூஸ் குடிக்கறவரா இருந்தா, அந்த 2,000-ல ஒரு பகுதி நிஜமாவே மிச்சமாகும். இதுவரைக்கும் வெளிய ஜூஸே குடிக்காதவரா இருந்தா மிச்சம்னு ஒண்ணும் கிடையாது. அது புதுச் செலவு. செலவு பண்ணிட்டிருக்கற பணம்தான் மிச்சமாகும், செலவே பண்ணாத பணம் எப்படி மிச்சமாகும்?

கரண்ட் பில்லை நினைச்சு பயப்பட வேண்டாம். 200 வாட்ஸ் மோட்டார் தினமும் 15 நிமிஷம் ஓடினா, 25 நாளைக்கு ஒண்ணேகால் யூனிட்தான் ஆகும்.

நேரத்துக்கும் விலை இருக்கு

காய் கழுவி, தோல் சீவி, நறுக்கி, பிழிஞ்சு, அப்புறம் மெஷினைப் பிரிச்சு, வடிகட்டியைப் பிரஷ் போட்டுத் தேய்ச்சு வைக்கணும். தினமும் 20 நிமிஷம்னு வெச்சுக்கிட்டா, 25 நாளைக்கு 500 நிமிஷம். மாசத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல. ஒரு முழு வேலை நாள்!

காலையில டிபன், லஞ்ச் பாக்ஸ், ஸ்கூல் வேன்னு பறந்துட்டிருக்கற நேரத்துல அந்த 20 நிமிஷம் யாரோடது? பெரும்பாலும் 'ஜூஸர் வாங்கலாம்'னு சொல்றவர் ஒருத்தர், கழுவி வைக்கறவர் இன்னொருத்தர். மெஷின் பரணுக்குப் போறதுக்கு முக்கியக் காரணம் இதுதான். அதனால ஆர்டர் போடறதுக்கு முன்னாடி, "கழுவறது யாரு?"ங்கறதை முடிவு பண்ணுங்க.

ஹெல்த் கணக்கு: சர்க்கரையை மறந்துடாதீங்க

நான் டாக்டர் இல்ல. ஆனா ஹெல்த்துக்காகத்தான் இந்தப் பணத்தைப் போடறீங்கன்னா, அந்த முதலீட்டுக்கு என்ன வருதுன்னும் பார்க்கணும் இல்லையா?

உலக சுகாதார நிறுவனம் 2015-ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல, பழச்சாறுல இருக்கற சர்க்கரையையும் குறைச்சுக்க வேண்டிய சர்க்கரைப் பட்டியல்லதான் சேர்த்திருக்காங்க. ஒரு நாளைக்குச் சாப்பிடற மொத்தக் கலோரியில அது 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5 சதவீதத்துக்குள்ள வந்தா இன்னும் நல்லதுன்னு சொல்றாங்க. 2,000 கலோரி சாப்பிடறவருக்கு 5 சதவீதம்னா சுமார் 25 கிராம். 200 மில்லி ஆரஞ்சு ஜூஸ்லயே 16, 17 கிராம் சர்க்கரை இருக்கு, நீங்க ஒரு ஸ்பூன் கூட போடாமலே. பழத்தோட நார்ச்சத்துல பெரும்பகுதி சக்கையோட வெளிய போயிடுது.

அதனால அப்பாவுக்கு சுகர் இருக்கு, தினமும் ஜூஸ் கொடுக்கலாம்னு மெஷின் வாங்கறதா இருந்தா, முதல்ல அவரோட டாக்டர்கிட்ட கேளுங்க. கிட்னி பிரச்சினை இருக்கறவங்களுக்கும் இதே அட்வைஸ்தான். அவர் "பழமா சாப்பிடட்டும்"னு சொல்லிட்டா 15,000 ரூபாய் அப்படியே மிச்சம்!

வெள்ளைப் பூசணி, வெள்ளரி, கீரை, நெல்லிக்காய்னு காய் பக்கம் அதிகம் போறவங்களுக்கு இந்தச் சர்க்கரைப் பிரச்சினை குறைவு. ஸ்லோ ஜூஸரோட பலமும் அங்கதான் நல்லா தெரியும்.

30 நாள் டெஸ்ட்

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் இதைச் செஞ்சு பாருங்க. வீட்ல இருக்கற மிக்ஸியில அரைச்சு, மெல்லிய வெள்ளைத் துணியில பிழிஞ்சு ஜூஸ் குடிங்க. போட்ட நாளெல்லாம் காலண்டர்ல ஒரு டிக். எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய்க்கு காய்னு பக்கத்துலயே எழுதுங்க.

மாசக் கடைசியில 20 டிக்குக்கு மேல இருந்தா தைரியமா வாங்குங்க. 10-லேருந்து 20-க்குள்ளன்னா இன்னொரு மாசம் பாருங்க. 10-க்குக் கீழன்னா மெஷின் வந்தாலும் பழக்கம் வராது. "துணியில பிழியறது கஷ்டம், மெஷின் இருந்தா தினமும் போடுவேன்"னு தோணும். மெஷின்லயும் கழுவற வேலை இருக்குங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சாத்துக்குடி, ஆரஞ்சு மட்டும்தான் குடிப்பீங்கன்னா இவ்வளவு பெரிய மெஷினே தேவையில்ல. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கற கையால பிழியற ஸ்க்வீஸரே போதும். வாழைப்பழம், சப்போட்டா, மாம்பழம், பப்பாளிக்கு மிக்ஸிதான் சரி. ஸ்லோ ஜூஸர்ல போட்டா சாறு வராது, கூழ்தான் அடைச்சுக்கும்.

டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டீங்களா? இப்போ மெஷினைப் பார்க்கலாம்

ஆர்.பி.எம்.: 40-க்கும் 60-க்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துக்காக கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ரெண்டுமே மெதுவா பிழியறதுதான்.

வாட்ஸ்: மிக்ஸி மாதிரி 750 வாட்ஸ் தேட வேண்டாம். கியர் வெச்சு வேகத்தைக் குறைச்சு அழுத்தத்தைக் கூட்டறதால 150-லேருந்து 250 வாட்ஸ் வீட்டுக்குப் போதும்.

நிக்கற மாடலா, படுக்கற மாடலா: செங்குத்தா இருக்கறது மேடையில இடம் கம்மியா எடுக்கும், பழம், காய் கலந்து போடறவங்களுக்கு வசதி. அருகம்புல், கோதுமைப்புல், கீரை மட்டுமே அதிகம் போடறவங்களுக்கு படுக்கை வாக்குல இருக்கற மாடல் நல்லா வேலை செய்யும்.

வாய் அகலம்: அகலமான வாய் இருந்தா நறுக்கற வேலை குறையும். தினமும் அஞ்சு நிமிஷம் மிச்சமானாலும் மாசத்துக்கு ரெண்டு மணி நேரம். சின்னப் பிள்ளைங்க இருக்கற வீடுன்னா, கை உள்ள போகாதபடி மூடி இருக்கா, மூடி சரியா பொருந்தலன்னா மோட்டார் ஓடாத பாதுகாப்பு இருக்கான்னு கட்டாயம் பாருங்க.

வடிகட்டி: கடையில டெமோ பார்க்கும்போது ஜூஸ் போடறதை மட்டும் பார்க்காதீங்க. கழுவிக் காட்டச் சொல்லுங்க. சின்ன ஓட்டை நிறைய இருக்கற வடிகட்டியில நார் மாட்டிக்கும். அதுதான் தினசரித் தலைவலி.

தொடர்ந்து ஓடற நேரம்: மோட்டாரை ஒரே மூச்சுல எத்தனை நிமிஷம் ஓட்டலாம்னு மேனுவல்ல போட்டிருப்பாங்க. நாலு பேருக்குப் போடற நேரத்தைவிட அது குறைவா இருந்தா வேற மாடல் பாருங்க.

வாரண்டி: 'மோட்டாருக்கு 10 வருஷம்'னு பெரிய எழுத்துல இருக்கும். மெஷினுக்கு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோதான் இருக்கும், அது சின்ன எழுத்துல இருக்கும். தேயறதும் உடையறதும் ஆகர், வடிகட்டி, சிலிக்கான் வாஷர் மாதிரி பார்ட்ஸ்தான். அதுக்கு வாரண்டி உண்டா, தனியா வாங்கினா என்ன விலை, உங்க ஊர்ல சர்வீஸ் சென்டர் இருக்கா? இந்த மூணு கேள்விக்கும் பதில் கிடைக்காத மெஷின் எவ்வளவு ஆஃபர்ல வந்தாலும் வேண்டாம். வீட்டு மாடலை வெச்சு ஜூஸ் வியாபாரம் பண்ணினா பொதுவா வாரண்டி செல்லாது, அதையும் படிச்சுக்கோங்க.

உபயோகிக்கும்போது: மாங்கொட்டை, நெல்லிக்கொட்டை மாதிரி கடினமான கொட்டையை எடுத்துட்டுத்தான் போடணும். கரும்பு கூடவே கூடாது. வாழைத்தண்டு, செலரி மாதிரி நார் உள்ளதைச் சின்னச் சின்னதா நறுக்கலன்னா ஆகர்ல சுத்திக்கும்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.: நிஜமாவே நோ காஸ்டா?

2013 செப்டம்பர்லயே ரிசர்வ் வங்கி, ஜீரோ பர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு வங்கிகளுக்குச் சுற்றறிக்கையில சொல்லிடுச்சு. இப்போ நடக்கறது என்னன்னா, வங்கி வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு விலையில முன்னாடியே டிஸ்கவுண்ட் கொடுத்துடுவாங்க.

15,000 ரூபாய், 6 மாசம், மாசம் 2,500. வட்டி 15 சதவீதம்னா கடன் தொகை சுமார் 14,365, வட்டி 635. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. நீங்கதான் கட்டணும், அது 114 ரூபாய். பிராசசிங் ஃபீஸ் 199-ன்னு வெச்சா அதுக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 235. ஆக 'நோ காஸ்ட்'டோட காஸ்ட் 349 ரூபாய். முழுப் பணம் கட்டினா மட்டும் கிடைக்கற கார்டு டிஸ்கவுண்ட் ஏதாவது இருந்தா, அதுவும் கையைவிட்டுப் போகும். மாசத்துக்கு 2,500-ன்னு தனியா எடுத்து வெச்சு ஆறாவது மாசம் வாங்கறது இதைவிட நல்ல வழி. அந்த இடைவெளியிலேயே 30 நாள் டெஸ்ட்டும் முடிஞ்சுடும்.

ஜி.எஸ்.டி. பத்தி ஒரு குறிப்பு: ஜூஸருக்கு 2018 ஜூலையில வரியை 28 சதவீதத்துலேருந்து 18 சதவீதமா குறைச்சாங்க. எம்.ஆர்.பி.-லயே அது அடங்கியிருக்கும், மேல தனியா கேட்டா கொடுக்காதீங்க. பில்லைக் கட்டாயம் வாங்கி போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. வாரண்டிக்கு அதுதான் ஆதாரம். கம்பெனி இழுத்தடிச்சா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குப் புகார் பண்ணலாம்.

சுருக்கமா சொன்னா

மாசம் 15 லிட்டருக்கு மேல, காய், கீரை கலந்து போடற வீடு: ஸ்லோ ஜூஸர் வாங்கலாம், காசு திரும்பி வர வாய்ப்பு இருக்கு.

மாசம் 5-லேருந்து 15 லிட்டர்: பட்ஜெட் மாடல் போதும். சர்வீஸ் சென்டர் பக்கத்துல இருக்கறதா பாருங்க.

5 லிட்டருக்குக் கீழ: மிக்ஸியும் துணியும் போதும். இல்ல, பழத்தை அப்படியே கடிச்சுச் சாப்பிடுங்க. நார்ச்சத்தும் மிச்சம், கழுவற வேலையும் மிச்சம்.

வீடியோவுல இந்த நம்பரெல்லாம் வேகமா ஓடிடும். அதனால ஒரு பேப்பர் எடுத்து, உங்க வீட்டு லிட்டர், உங்க ஊர் காய் விலை, நீங்க பார்த்து வெச்சிருக்கற மெஷின் விலை மூணையும் எழுதிப் போட்டுப் பாருங்க. பத்து நிமிஷ வேலைதான். ஆர்டர் பட்டனை அதுக்கப்புறம் அமுக்கலாம்.